கார் பார்த்ததைச் சொன்னவன்

ஆவணி பிறந்த வாரத்தில்தான் ஆவுடையம்மாளின் வெள்ளைக் கார் முதன்முதலாகக் காலையில் எழுந்திருக்க மறுத்தது. முந்தின நாள் சாயங்காலம்வரை ஒரு குறையும் சொல்லாமல் ஓடி, கயத்தாற்றில் ஒரு கல்யாண வீட்டாரை இறக்கிவிட்டு, ஹெட்லைட் இரண்டும் கண் கூசும்படி எரிய, வண்டிமறிச்சம்மன் கோயில் தெருவுக்குள் திரும்பி வீட்டு வாசலில் வந்து நின்ற கார், விடிந்ததும் சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் போட்டது. அதுவும் பல்லி சொல்கிற மாதிரி, ஒரே ஒரு தரம். ஆவுடை இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து பார்த்தாள். எல்லாம் நேற்று இருந்த இடத்தில்தான் இருந்தன. மூடிவிட்டுத் திரும்பியபோது வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது.

அந்த வீட்டில் இருந்த ஒரே ஆம்பளை அவள் புருஷன் கொம்பையா. அவன் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கார் கொம்பையாவுடையது. கல்யாணத்துக்கு, காது குத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு என்று அந்த ஊரில் வாடகைக் கார் வேண்டியவர்களெல்லாம் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் கங்கைகொண்டான் பக்கம் ஒரு லாரி உரசிக் கார் ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஆளுக்கொரு சோடா குடித்தார்கள். கொம்பையாவே காரைப் பள்ளத்திலிருந்து ஏற்றி, அவர்களை வீடு சேர்த்து, தன் வீட்டுக்கு வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, முன்னறையில் கிடந்த ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றைக்கு நின்ற பேச்சுதான். டாக்டர்கள் தொண்டையைப் பார்த்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். சோறு வைத்தால் சாப்பிட்டான், தண்ணீர் விளாவி வைத்தால் குளித்தான், காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கார் பக்கம் மட்டும் போகவில்லை. நின்ற இடத்திலேயே கார் துருப்பிடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஆவுடை வண்டி ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். முதல் மாசம் ஊர் சிரித்தது. இரண்டாவது மாசம் ஊர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டது.

இப்போது அவள் ஓடிப் போய்ப் பார்த்தபோது கொம்பையா அதே நாற்காலியில், அதே காலண்டரைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தான்.

“தாழையூத்து ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு. கேட்டுக்கு இந்தப் பக்கம் முருங்கைக்காய் ஏத்துன டெம்போ. அதுக்குப் பின்னால ஒரு பைக்கு, பெட்ரோல் டாங்கு மேல ஒரு ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி இந்தப் பக்கம் திரும்பிப் பாத்துச்சு. கேட்டு தெறந்துச்சு. கரண்டு காத்தாடி மூணு சுத்துச்சு, ஒண்ணு சுத்தல...”

ஆவுடை அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஏங்க, பேசுதியளா? என்னப் பாருங்க. நாந்தான் ஆவுடை.” அவன் அவளைப் பார்க்கவில்லை. குரல் வரவர இழுபட்டு, கயத்தாற்றுக்குப் பக்கம் வந்தபோது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தொங்கி, அப்புறம் நின்றுவிட்டது. சூரியன் எதிர்வீட்டு மாடிக்கு மேலே வந்திருந்தது. ஆவுடைக்குச் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. ஆட்டுக்குட்டியை அவள் பார்த்திருந்தாள். அது நேற்று அவள் போய்வந்த வழியில் நின்றது.

மறுநாளும் கார் எழவில்லை, மறுநாளும் கொம்பையா பேசினான். அதற்கு மறுநாளும் அப்படியே. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாமல், ஒரு பக்கம் பேட்டரிக்காகவும் ஒரு பக்கம் புருஷனுக்காகவும் தனித்தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஆவுடைக்கு, அடுத்த வீட்டுப் பூலோகத்தம்மாள்தான் விஷயத்தை எடுத்துச் சொன்னாள்.

“இதுல கொழம்புததுக்கு என்னளா இருக்கு? அன்னைக்குப் பள்ளத்துல எறங்கும்போது ஒம் புருசன் பேச்சு காருக்குள்ள விழுந்துட்டு. இப்பம் ராத்திரி ராத்திரி கொஞ்சங்கொஞ்சமா வீட்டுக்கு நடந்து வருது. நடந்து வார களைப்புல பேட்டரியக் குடிச்சுருது.”

“மூணு வருசமா வராத பேச்சு இப்பம் ஏன் மைனி வருது?”

“வழி தெரியாண்டாமா?” என்றாள் பூலோகத்தம்மாள், ரொம்பச் சாதாரணமாக.

தெரு இதை அப்படியே ஒப்புக்கொண்டது. ரோட்டில் மல்லாந்து கிடக்கிற வண்டிமறிச்சம்மனுக்கு யாரோ நேர்ந்துகொண்டதைச் செய்ய மறந்திருப்பார்கள், அதனால் அவள் காலையில் வண்டியை மறிக்கிறாள் என்று இரண்டொருவர் சொல்லிப் பார்த்தார்கள். பொங்கல் வைத்தார்கள். அம்மன் பொங்கலை ஏற்றுக்கொண்டாள், கார் மட்டும் எழவில்லை.

ஆட்டோ எலெக்ட்ரீசியன் காஜா மைதீன் வந்தார். மெயின்ரோட்டில் கடை வைத்திருப்பவர், கொம்பையாவுக்குப் பழைய சிநேகிதர். முதலில் பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிப் புதுசு மாட்டினார். புதுசும் விடிவதற்குள் செத்துப்போனது. டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று வண்டியை ஓடவிட்டுப் பார்த்தார். நன்றாகவே ஏறியது. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார், தேய்த்தார், கிரீஸ் தடவினார். டிக்கி லைட் அணையாமல் எரிகிறதோ என்று ஆவுடையை உள்ளே சுருண்டு படுக்கச் சொல்லி மூடிப் பார்த்தார். உள்ளே இருட்டாகத்தான் இருந்தது. கடைசியில், “தங்கச்சி, எங்கயோ கசியுது. கசியுத நேரத்துல பிடிச்சாத்தான் உண்டு. நாள வெள்ளன வாரேன்” என்றார்.

காகம் கரையும் நேரத்துக்கு அவர் வந்தபோது கொம்பையா பேச ஆரம்பித்திருந்தான், தெருவில் பாதிப்பேர் நாற்காலியோடு வந்துவிட்டிருந்தார்கள். காஜா மைதீன் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தார். சாவி இல்லை, லைட் இல்லை, எல்லாக் கதவும் மூடியிருக்கிறது. முள் நகரவே கூடாது. முள் நன்றாக ஏறி நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆவுடை கவனித்தாள். கொம்பையா பேச்சில் மூச்சு எடுக்கும்போது முள் இறங்கியது, பேசும்போது ஏறியது.

காஜா மைதீன் ஃபியூஸ்களை ஒன்றொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். ஹார்ன் ஃபியூஸைப் பிடுங்கினார், முள் அசையவில்லை. வைப்பர் ஃபியூஸ், முள் அசையவில்லை. ஹெட்லைட், அசையவில்லை. உள்ளே கொம்பையாவின் குரல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது: “நாலுவழிச் சாலையில வெயில் அடிக்கி. ஒரு பஸ்சு நிக்கி. போர்டுல மணி...”

குரல் அறுந்தது. முள் பூஜ்யத்துக்கு வந்தது. காஜா மைதீன் கையில் ஒரு சின்ன ஃபியூஸ் இருந்தது. தெரு முழுக்க அவரைப் பார்த்தது. அவர் ஃபியூஸைத் திரும்பச் செருகினார்.

“...யாச்சின்னு போட்டிருக்கு” என்றான் கொம்பையா உள்ளேயிருந்து.

காஜா மைதீன் இன்னொரு தரம் பிடுங்கினார், இன்னொரு தரம் செருகினார். அப்புறம் காருக்குள் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, அதன் பின்னால் கையை விட்டு, அந்த ஒயர் எங்கே போகிறது என்று தடவிக்கொண்டே போனார். அது ரேடியோவுக்குப் போகிற ஒயர். ரேடியோ என்றைக்கோ கழற்றப்பட்டு அந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை மட்டும்தான் இருந்தது. ஒயரின் நுனியில் கொம்பையாவே எப்போதோ சுற்றிய கறுப்பு டேப் பிரியாமல் இருந்தது.

“இந்த ஒயரு எங்கயும் போகல,” என்றார் காஜா மைதீன், மல்லாந்து படுத்தபடியே. “ஆனா கரண்டு போகுது. இத்தன வருசத்துல நான் இப்பிடிப் பாத்ததில்ல தங்கச்சி. ஃபியூஸ எடுத்துட்டா வண்டி சரியாயிரும். எடுக்கவா?”

ஆவுடை வாசலில் நின்றாள். ஒரு காது காரிலும் ஒரு காது வீட்டுக்குள்ளும் இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தவள், “வேண்டாண்ணே” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அதற்கப்புறம் தெரு அதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டது. விடிகிற நேரத்துக்கு நாற்காலி, பாய், கவிழ்த்த வாளி என்று அவரவருக்கு வசதியானதைக் கொண்டுவந்து ஆவுடையின் வாசலில் உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் கடை திறக்கும் நேரத்தையே மாற்றி வைத்துக்கொண்டார். முந்தின நாள் கார் எந்த வழியில் போயிற்றோ அந்த வழியெல்லாம் கொம்பையாவின் வாயிலிருந்து இறங்கி வந்தது: புளியமரத்தில் கட்டியிருந்த அரசியல் கொடியின் கிழிசல், பாலத்துக்கு அடியில் குளித்துக்கொண்டிருந்த கொம்பில்லாத எருமை, ஸ்கூட்டரில் போகும் பெண்ணின் பூவிலிருந்து விழுந்த ஒரு இதழ். அதில் நல்லது கெட்டது என்று எதுவும் இருக்காது, கேள்வி கேட்டால் பதில் வராது, ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. குரல் இழுபட்டு நின்றதும் எல்லோரும் எழுந்து, சேலையை இடுப்பில் செருகி, கைலிச் சாரத்தை மடித்துக்கட்டி, செத்துக்கிடந்த காரைத் தெருமுனை இறக்கம்வரை தள்ளிக்கொண்டு போய் விடுவார்கள். பழைய டீசல் வண்டி என்பதால் இறக்கத்தில் உருண்டதும் இருமிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

பிறகு ஒவ்வொருவராக ஆவுடையிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

பூலோகத்தம்மாள்தான் முதலில் கேட்டாள். “கடம்பூர்ப் பக்கம் சவாரி வந்தா எங்க பெறந்த வீட்டு வழியா ஒரு தடவ போயிட்டு வாயேன். நீ எறங்காண்டாம், விசாரிக்காண்டாம். சும்மா மெதுவாப் போ.” ஆவுடை மெதுவாகப் போய்விட்டு வந்தாள். அவளுக்கு அந்த வீட்டில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. மறுநாள் காலையில் கொம்பையா சொன்னான்: “நீலக் கதவு. கதவுக்குப் பக்கத்துல புதுசா ஒரு கதவு. நடுவுல செவரு.” பூலோகத்தம்மாள் வாளியிலிருந்து எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துவிட்டார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் மாவு மில் சிவனணைந்தான் மனைவி தங்கபுஷ்பம் வந்தாள். அவள் மகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தனோடு போய், கோவில்பட்டியில் ஏதோ ஒரு மாடி வீட்டில் இருந்தாள். சிவனணைந்தான் அந்தப் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான். தங்கபுஷ்பம் விலாசத்தை மட்டும் ஆவுடை காதில் சொன்னாள். மறுநாள் விடிகாலையில் சிவனணைந்தானும் வழக்கம்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கொம்பையா அதைச் சொன்னான். “மாடிப்படி. படியில தண்ணிக் கொடம். கொடத்துக்குப் பக்கத்துல சின்னச் செருப்பு ஒரு ஜோடி. வெரலு அளவுதான் இருக்கும். செவப்பு.” தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவனணைந்தான் எதுவும் புரியாதவன் மாதிரி எருமையைப் பற்றிய அடுத்த பேச்சையும் முழுக்கக் கேட்டான். அன்றைக்குக் காரைத் தள்ளும்போது யாரும் எதிர்பாராத அளவுக்கு பலமாகத் தள்ளினான்.

எல்லோருக்கும் ஏதோ கிடைத்தது, ஆவுடையைத் தவிர. கொம்பையா குரலைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தக் குரல் ரோட்டைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது, எருமையைப் பார்த்தது, காரை ஓட்டிக்கொண்டு போகிறவளை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. அவள் இல்லாமல் கார் தானாகவே போய்வந்த மாதிரி இருந்தது. கார் முன்னால் இருப்பதைத்தானே பார்க்கும், உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று அவள் யோசித்தாள். ஒருநாள் கங்கைகொண்டானுக்கு அப்பால், மான் நடமாடும் பகுதி என்று போர்டு வைத்திருக்கிற ரோட்டில், வெயில் தாழ்ந்த நேரத்தில் காரை நிறுத்தி இறங்கி, ஹெட்லைட்டுக்கு நேர் எதிரே போய் நின்றாள். முடியை ஒதுக்கிக்கொண்டாள். எதற்கென்று தெரியாமல் சிரிக்கவும் செய்தாள். போகிற வருகிற லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தாள். கொம்பையா சொன்னான்: “மான் போர்டு. போர்டுக்குக் கீழ மானு இல்ல. ரோட்டுல ஒரு பொம்பள. பச்சச் சேல. சிரிக்கா. கண்ணு கலங்கியிருக்கு. யாருன்னு தெரியல.”

வாசலில் இருந்தவர்களில் யாரோ, “பாவம், யாரு பெத்த புள்ளையோ” என்றார்கள். ஆவுடை எழுந்து அடுப்படிக்குப் போனாள். பேசுவது அவள் புருஷனா, புருஷன் வாயால் பேசுகிற காரா என்று அன்றைக்கு முழுக்க அவளுக்குக் குழப்பமாகவே இருந்தது. கார் என்றால் அதன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, புருஷன் என்றால் எப்படி மறந்தான், இரண்டும் இல்லையென்றால் தினமும் தன் பேட்டரியைக் குடிப்பது யார். காய் நறுக்கினாள், யோசித்தாள், நறுக்கின காயைக் குப்பையிலும் தோலைச் சட்டியிலும் போட்டாள்.

தெருக்கோடியில் ஞானதிரவியம் சார் வீடு இருந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஒரு காலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து மைதானத்தைச் சுற்றி ஓடியவர், இப்போது சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல், வாரத்தில் இரண்டு தடவை பாளையங்கோட்டைக்குப் போய் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வருகிறவர். காலை முதல் வேளையில் அவருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆவுடையின் கார்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போகும். தெரு தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவரை அதில் தடங்கல் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, தெருவில் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்தக்காரப் பெண்ணுக்கு விளாத்திகுளத்தில் கல்யாணம். முந்தின நாளே எல்லோரும் வேன் வைத்துப் போய்விட்டார்கள். விடிந்தபோது வாசலில் நாற்காலி இல்லை, பாய் இல்லை, ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் தெரு சேறாகக் கிடந்தது. கொம்பையா காலண்டரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். ஆவுடை சாவியைத் திருகினாள், பல்லி ஒரு தரம் சொன்னது. ஆவுடையும் ஞானதிரவியம் சாரின் மனைவி எஸ்தரும் சேர்ந்து தள்ளினார்கள். டயர் சேற்றில் புதைந்தது. எஸ்தர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, வெறுங்காலோடு தள்ளினாள். காஜா மைதீனுக்குப் போன் போகவில்லை. மழையில் கயத்தாற்றுப் பக்கம் மரம் விழுந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் சுற்றி வந்தது. அது வருவதற்குள் ஞானதிரவியம் சாருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில், ஓட்டப் பந்தயத்துக்கு அப்புறம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, முழங்காலில் கைகளை ஊன்றி மூச்சை உள்ளே வாங்கப் பார்த்தார். உள்ளே போகவில்லை. அத்தனை நேரமும் வீட்டுக்குள் கொம்பையா, ஒரு தூக்கணாங்குருவிக் கூடு காற்றில் ஆடியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன ஆவுடையிடம் எஸ்தர் சண்டை போடவில்லை. வராண்டாவில் நின்று, ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“எக்கா, ஒங்க வீட்டுக்காரவிய பேசணும், நானும் ஜெபம் பண்ணியிருக்கேன். எங்க வீட்டுக்காரவிய மூச்சு விடணும். நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க.”

ஆவுடை நேராக காஜா மைதீன் கடைக்குப் போனாள். ஃபியூஸைப் பிடுங்கிவிடச் சொல்லத்தான் போனாள். அங்கே போனதும், “அண்ணே, வேணும்னா நிறுத்தவும் வேணும்னா விடவும் ஏதாவது உண்டா?” என்று கேட்டாள். அவர் பேட்டரி டெர்மினலில் ஒரு திருகு மாட்டிக் கொடுத்தார். லாரிக்காரர்கள் மாட்டுகிற பித்தளைத் திருகு. இடதுபக்கம் திருப்பினால் பேட்டரிக்கும் காருக்கும் தொடர்பு அறுந்துவிடும். வலதுபக்கம் திருப்பினால் பழையபடி. ஆஸ்பத்திரி நாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் திருகை இடதுபக்கம் திருப்பி வைத்தாள். மறுநாள் காலையில் அதை வலதுபக்கம் திருப்பிச் சாவியைத் திருகியதும் கார் உடனே எழுந்தது, கொம்பையா நாற்காலியில் ஊமையாக உட்கார்ந்திருந்தான். மற்ற நாட்களில் திருப்பாமல் விட்டாள்.

தெருவுக்கு இது பிடிக்கவில்லை. வாரத்தில் இரண்டு காலை வீணாகிறதே என்றார்கள். சாரை ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக் குடி வைத்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். வேறு காரை ஏற்பாடு பண்ணலாம் என்றார் இன்னொருவர். “நீ பொண்டாட்டியா என்னது? புருசன் பேச்சக் கையால திருகி நிறுத்துதியே” என்றாள் பூலோகத்தம்மாள். ஆவுடைக்கும் அதே கேள்விதான் இருந்தது. ஒவ்வொரு தடவை பானெட்டைத் திறக்கும்போதும், ஒரு மனுஷன் தொண்டையில் கை வைப்பது மாதிரிப் பட்டது. திருப்பாத நாட்களில், தான் யாரோ ஒரு பச்சைச் சேலை என்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் கஷ்டமாக இருந்தது.

கார்த்திகையில் ஒருநாள். அது ஆஸ்பத்திரி நாள் இல்லை, அதனால் திருகைத் தொடவில்லை. விடிந்தது. தெரு வந்து உட்கார்ந்தது. கொம்பையா வாயைத் திறக்கவில்லை. டீ ஆறியது. ஆவுடை போய்ச் சாவியைத் திருகினாள், ‘டிக்’ சத்தம்கூட வரவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால் திருகு இடதுபக்கம் திரும்பியிருந்தது; வலதுபக்கம் திருப்பியதும் கார் சட்டென்று எழுந்து உறுமியது.

எஸ்தர் செய்திருப்பாள் என்றது தெரு. எஸ்தர் பைபிள்மேல் கை வைத்து இல்லை என்றாள். சிவனணைந்தான் முகத்தைச் சிலர் பார்த்தார்கள். அவன், “எனக்கு இன்னும் கேக்க வேண்டியது இருக்கு, நான் ஏன் செய்யப்போறேன்?” என்றான். மறுநாளும் திருகு திரும்பியிருந்தது, அதற்கு மறுநாளும். தான்தான் மறதியில் செய்துவிட்டோமோ என்று ஆவுடைக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் சாயங்காலம் திருகை வலதுபக்கம் வைத்து, காஜா மைதீனைக் கூட்டிவந்து காட்டிச் சாட்சி வைத்துக்கொண்டாள். காலையில் அது இடதுபக்கம் இருந்தது.

சில நாள் தெரு பழக்கதோஷத்தில் வந்து உட்கார்ந்து, கேட்க ஒன்றும் இல்லாமல், தாங்கள் போய்வந்த வழிகளைத் தாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தது. சரியாக வரவில்லை. எல்லோரும் தங்களைப் பற்றியே சொன்னார்கள். பூலோகத்தம்மாள் ஒருநாள் பொறுமை இழந்து பஸ் ஏறிக் கடம்பூருக்குப் போய், நீலக் கதவையும் புதுக் கதவையும் மாறிமாறித் தட்டி, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு, இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். தங்கபுஷ்பம் புருஷனிடம் ஒன்றும் கேட்காமல் கோவில்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். டிக்கெட் எடுக்கும்போது பின்சீட்டிலிருந்து, “ரெண்டு கொடுங்க” என்று சிவனணைந்தான் குரல் கேட்டது. இப்படி ஒவ்வொரு நாற்காலியாகக் குறைந்து ஆவுடையின் வாசல் காலியானது.

அடுத்த திங்கட்கிழமை அவள் கொம்பையாவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, தம்ளரை வாங்கிய கையைப் பார்த்தாள். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது, அதற்குமேல் கிரீஸ். அது எங்கேயிருந்து வருகிற பொடி என்று அவளுக்குத் தெரியும். திருகைத் திருப்பிய நாளெல்லாம் அவள் கையிலும் அதுதான் இருந்தது.

“நீங்களா?” என்றாள்.

அவன் டீயைக் குடித்து முடித்தான். தம்ளரைத் தரையில் வைத்தான். எழுந்தான். சாரத்தை இறக்கிவிட்டு, ஆணியில் கிடந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். ஞானதிரவியம் சாரும் எஸ்தரும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கொம்பையா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து, இடதுபக்கச் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். ஆவுடை பானெட்டைத் திறந்து திருகை வலதுபக்கம் திருப்பிவிட்டு வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். முதல் தடவை கியர் விழவில்லை. இரண்டாவது தடவை விழுந்தது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வந்தது. சாரை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு ஆவுடை திரும்பினாள். கொம்பையா ஜன்னலை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். தாழையூத்து தாண்டியது. வெயில் ஏறியிருந்தது. ரோட்டோரத்தில் வரிசையாக நாலைந்து கடைகள் வந்தபோது அவன் ஏதோ சொன்னான்.

ஆவுடை சட்டென்று திரும்பினாள். டீசல் என்ஜின் சத்தத்தில் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ஆனால் குரல் கேட்டது. கார் ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரி மாட்டியிருந்தது, ரேடியோ ஓட்டை அவன் முழங்காலுக்கு நேராக வாயைத் திறந்துகொண்டிருந்தது. அவன் சொன்னதா, இது சொன்னதா? அவள் காரை ஓரம் கட்டினாள். பாதி வண்டி ரோட்டிலேயே நின்றது. என்ஜினை அணைத்தாள். அதுவும் போதாதென்று இறங்கி ஓடி, பானெட்டைத் தூக்கி, திருகை இடதுபக்கம் திருப்பி, அதுவும் போதாதென்று இரண்டு ஒயரையும் டெர்மினலோடு பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். ஒரு லாரி ஹார்ன் அடித்து ஒதுங்கிப் போனது. ஆவுடை ஒயரைப் பிடித்தபடியே எட்டி, பானெட்டுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டி, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

“இப்பம் சொல்லுங்க,” என்று கத்தினாள். “இப்பம் சொல்லுங்க பாப்போம்.”

கொம்பையா ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினான். வெயில் கண்ணில் அடித்ததால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏளா, பசிக்குன்னு சொன்னேன்,” என்றான். “காது கேக்கல? எத்தன தடவ சொல்லுதது?”

ஆவுடை ஒயரைக் கீழே விட்டாள். பானெட்டை மூடத் தோன்றவில்லை. எதிரே இருந்த இட்லிக்கடையைப் பார்த்து ரோட்டைக் கடந்தாள். பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தமும், அதற்கப்புறம் அவன் செருப்புச் சத்தமும் கேட்டன.